காலிபரில் ஸ்வரமும் ஸ்டாஃபும்: சில வருட அனுபவம்

வயலின் சொல்லிக்கொடுப்பவர்களின் கணினியில் பிடிஎஃப்கள் குவிவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கீர்த்தனைகளின் ஸ்வரக் குறிப்பு, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்கான ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய முறை), சர்ச் பாடகர் குழுவுக்கான டானிக் சோல்பா (ஸ்வரங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் முறை), சினிமாப் பாட்டுக்கு யாரோ எழுதிக்கொடுத்த கார்ட் ஷீட் (பாட்டு வரிகளின் மேல் கார்ட் பெயர்கள் மட்டும்) என்று எல்லாவற்றையும் சில வருடங்களாகக் காலிபரில்தான் வைத்திருக்கிறேன். அது மின்நூல்களுக்கான இலவச மென்பொருள், இசைக்கென்று செய்ததில்லை. ஆனால் நமக்கு வேண்டிய நெடுவரிசைகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு அது போதும்.

'கர்னாடகம்', 'வெஸ்டர்ன்' என்று இரண்டு டேக் போட்டு நிறுத்துபவர்கள் உண்டு. அது சீக்கிரமே இடிக்கும். 1890களிலேயே சின்னசாமி முதலியார் சென்னையில் கர்னாடக உருப்படிகளை ஸ்டாஃபில் அச்சிட்டிருக்கிறார். அதை எந்த டேக்கில் போடுவது? என்ன இசை என்பது ஒரு கேள்வி, எந்த முறையில் எழுதியிருக்கிறது என்பது வேறு கேள்வி. நூலகர்கள் மூன்றாவதாக ஒன்றும் கேட்பார்கள்: முழு ஸ்கோரா, ஒரு வாத்தியத்துக்கான பார்ட்டா, குரலும் பியானோவும் மட்டுமா? நூலகங்கள் பின்பற்றும் ஆர்டிஏ (RDA) பட்டியல் விதிகளிலும் குறியீட்டு முறையும் இந்த வடிவமும் தனித்தனிதான்.

நானும் அப்படியே பிரித்துக்கொண்டேன். முறைக்கும் வடிவத்துக்கும், முன்பே கொடுத்த மதிப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்கும் வகை நெடுவரிசை. அதனால் ஒரு நாள் 'ஸ்டாஃப்', மறுநாள் 'ஸ்டாப்' என்று தட்டச்சாகி ஒன்று இரண்டாவதில்லை. ராகத்துக்கு மட்டும் டேக் போலப் பல மதிப்புகளை ஏற்கும் வகை, ஒரே பாட்டில் பல ராகம் வரும் ராகமாலிகை இருக்கிறதே! மேள எண்ணுக்கும், அதாவது தாய் ராகங்களின் வரிசை எண்ணுக்கும், ஒரு நெடுவரிசை உண்டு. 1904இல் எட்டயபுரத்தில் வெளியான சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூலில் 22ஆவது மேளம் ஸ்ரீராகம், இன்று புழங்கும் புத்தகங்களில் கரகரப்பிரியா. எண்ணைக் கொண்டு தேடினால் இரண்டு மரபின் உருப்படிகளும் ஒன்றாக வந்து நிற்கும்.

பலன் வகுப்பில் தெரிகிறது. கிரேடு தேர்வு வழியாக வந்த பிள்ளைக்கு ஸ்டாஃப்தான் வாசிக்க வரும். "மோகனத்துல ஸ்டாஃப்ல எழுதினது ஏதாவது இருக்கா மிஸ்?" என்று கேட்டால் இடப்பக்கப் பட்டியலில் இரண்டு இடத்தில் கிளிக் செய்வதோடு வேலை முடிந்தது.

குறைகளும் உண்டு. ஒரு பிடிஎஃப் என்றால் காலிபருக்கு ஒரு புத்தகம். ஐம்பது கீர்த்தனைகள் அடங்கிய தொகுப்பை ராகவாரியாகத் தேட வேண்டுமானால் வெட்டிப் பிரித்துத்தான் சேர்க்க வேண்டும். பாடம் எடுக்கும் புத்தகங்களை மட்டும் வெட்டினேன், மற்றவற்றுக்குப் பொறுமையில்லை. தமிழில் தலைப்பு வைத்தாலும் உள்ளே கோப்புறைப் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், ஆகவே காலிபருக்கு வெளியே போய்த் தேடுவது வீண். வெளியே சேமிக்கும்போது தமிழ்ப் பெயரே வர, அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்துவிட வேண்டும்.

மேடைக்கு இது சரிவராது. அங்கே ஐபேடில் ஃபோர்ஸ்கோர் என்ற இசைத்தாள் செயலிதான். ஒரே பிடிஎஃபுக்குள் புக்மார்க் போட்டு, ஒவ்வொன்றையும் தனி உருப்படியாகத் தலைப்போடும் டேக்கோடும் வைக்கலாம். அதில் சுருதிக்கென இருக்கும் கட்டம் மேஜர், மைனர் கணக்கில்தான் போகிறது, எனவே ராகத்தை டேக்கில் போடுகிறேன். கச்சேரிக்கு முந்தின நாள், வேண்டிய உருப்படிகளை மட்டும் காலிபரிலிருந்து எடுத்து அதில் ஏற்றிக்கொள்வது வழக்கம்.