அலுமினியமா, நைலோனா? கடற்கரை ஆர்.சி. (ரிமோட்) காருக்கு எந்த சஸ்பென்ஷன் ஆம் (arm)?

ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் போன்ற 1/10 அளவுக் காரில் முன் சஸ்பென்ஷன் ஆம்மை, அதாவது சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கையை, மாற்ற நினைத்தால் இரண்டு வழி உண்டு: பளபளக்கும் அலுமினியம், அல்லது ஆர்.பி.எம். என்ற நிறுவனம் வார்க்கும் தடித்த நைலோன்.

அலுமினியத்தின் பலம் விறைப்பு. ஆட்டம் குறைவு, சக்கரக் கோணம் அசையாது. சமமான தார்த் தரையில் கார் சொன்னபடி திரும்பும்.

திருகோணமலையில் நாங்கள் ஓட்டுவது பெரும்பாலும் மணலிலும் கல்லிலும்தானே. டச்சு விரிகுடாக் கரையில் வேகமாகப் போய் ஒரு பாறையில் மோதினால், நைலோன் வளைந்து பழையபடி நிமிரும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் இன்னும் மோசம்: அந்த அடி உள்ளே இறங்கி பல்க்ஹெட்டை (அந்தக் கை பூட்டப்படும் சட்டத்தை) உடைக்கும். அதை மாற்ற காரின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. அலுமினியமும் உருக்குத் திருகாணியும் உப்பீரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கும், ஆணி இறுகிக் கழராது. உப்புவெளிக் கடற்கரை மணலில் ஓட்டியபின் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தே ஆகவேண்டும். நைலோன் அரிக்காது, அது அசையும் அச்சாணியான ஹிஞ்ச் பின்னைக் கவனித்தால் போதும், அது உருக்கு.

எடையிலும் நைலோனே இலகு. எனவே கடற்கரைக்கு நைலோனைத்தான் பூட்டச் சொல்வேன், தயக்கமே இல்லை.

அலுமினியம் ஆசையென்றால் ஷொக் (எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கி) மூடிகளுக்குப் போடுங்கள். பிளாஸ்டிக் மூடி பெரிய பாய்ச்சலில் கழன்று எண்ணெய் கொட்டும். அலுமினிய மூடியின் மரை இறுகப் பிடிக்கும்.