விலை குறைந்த 125 சிசி ஏடிவியின் முன் சஸ்பென்ஷன்: 20 மாத அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் உரமும் மருந்துத் தெளிப்பானும் ஏற்றிச் செல்வதற்காக, சீனத் தயாரிப்பான 125 சிசி ஏடிவி (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கி 20 மாதங்கள் ஆகின்றன. இன்ஜினில் குறையில்லை. முன்பக்கம் மட்டும் கட்டை வண்டிதான்; வாய்க்கால் வரப்பிலோ கீழே கிடக்கும் தென்னை மட்டையிலோ ஏறினால் அதிர்வு முழுவதும் ஹேண்டில் வழியாக மணிக்கட்டில் வந்து இறங்கும்.

முதலில் ஷாக் அப்சார்பரின் மரை வளையத்தை சி-ஸ்பேனரால் முழுவதும் தளர்த்தினேன். வண்டி சற்றுத் தாழ்ந்ததே தவிர, மென்மை பெரிதாக வரவில்லை. ஸ்பிரிங் முன்கூட்டி எவ்வளவு அழுந்தியிருக்க வேண்டும் என்பதைத்தான் அந்த வளையம் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பை அது மாற்றுவதில்லை.

அடுத்து டயரைப் பார்த்தேன். விற்றவர் 15 பிஎஸ்ஐ காற்று அடித்துத் தந்திருந்தார்; டயரின் பக்கவாட்டில் ஓட்டுவதற்கெனக் குறித்திருந்ததோ 4 பிஎஸ்ஐ. அங்கேயே அச்சிட்டிருக்கும் பெரிய எண், டயரை ரிம்மில் உட்கார வைக்கும்போது தாண்டக் கூடாத அளவு என்பதால், அதைப் பார்த்துக் காற்று அடித்துவிடக் கூடாது. பெட்ரோல் பங்க் மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது என்பதால் 15 பிஎஸ்ஐ வரை மட்டும் அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கினேன். மொத்த வேலையில் மிகவும் பயன்பட்ட செலவு அதுதான்.

காற்றை 4 பிஎஸ்ஐக்குக் குறைத்த பிறகும் விறைப்பு மீதமிருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தை வண்டிச் சட்டத்துடன் இணைக்கும் ஏ-ஆர்மை உயர்த்திவிட்டுக் கையை எடுத்தேன். தன் எடையிலேயே கீழே விழ வேண்டிய ஆர்ம், விட்ட இடத்திலேயே நின்றது. ஆர்ம் அசையும் மூட்டில் உள்ள நைலான் புஷ்ஷுக்குள் இருக்கும் எஃகுக் குழாய் புஷ்ஷைவிட அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்ததால், போல்ட்டை முறுக்கியதும் பிராக்கெட் புஷ்ஷையே நெரித்துக்கொண்டிருந்தது. புஷ்ஷின் முனைகளை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்து, கிரீஸ் பூசி மாட்டிய பிறகு ஆர்ம் தானாகவே விழுந்தது. இத்தனை நாளும் ஸ்பிரிங்கின் மேல் வீண்பழி போட்டிருக்கிறேன்.

கடைசியாகத்தான் ஸ்பிரிங்கைத் தொட்டேன். ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் மேலும் விறைக்கும் என்பதால் நான் ஒப்பவில்லை. அதே நீளம், அதே சுருள் விட்டம், அதே சுற்று எண்ணிக்கையில், 8 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு ஜோடி சுற்றி வாங்கினேன். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுவதால், இந்த ஒரு மில்லிமீட்டரிலேயே அது பழையதில் ஏறக்குறைய 59 சதவீதமாக இறங்கிவிடுகிறது. நான் உட்காரும்போது ஷாக்கின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அழுந்துமாறு வளையத்தை மறுபடியும் சற்று இறுக்கினேன்.

மென்மைக்கு விலையும் உண்டு. மலிவான இந்த ஷாக்குகளில் அதிர்வை அடக்கும் திறன் பெயரளவுக்குத்தான் என்பதால், வேகமாகப் போனால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளி அடங்குகிறது. நீர் நிறைந்த 16 லிட்டர் தெளிப்பானை முன் கேரியரில் வைத்து வாய்க்காலைக் கடந்தால் ஷாக் அடிவரை இறங்கி முட்டுகிறது. ஆகவே அதைப் பின்னால் மாற்றிவிட்டேன். வண்டியின் உயரம் மாறியதால் முன்சக்கர நேர்கோட்டையும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் டை-ராடில் திருத்த வேண்டியிருந்தது.

புஷ்ஷுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கிறேன்; தென்மேற்குப் பருவமழையில் சேறு புகுந்துவிடுவதால் அப்போது மாதம் ஒருமுறை. இப்போது இடப்பக்கக் கீழ் புஷ்ஷில் லேசான ஆட்டம் தெரிகிறது. அதற்கு கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைந்து தருமாறு லேத் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன். இம்முறை உள்குழாயை அரை மில்லிமீட்டர் நீளமாகவே கேட்டிருக்கிறேன்.