காய்ச்சல் ஃபிட்ஸுக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே: வாங்கி வைக்கலாமா?

காய்ச்சலில் ஒருமுறை ஃபிட்ஸ் கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மறுபடியும் வரும். ஃபிட்ஸ் 5 நிமிடத்தைத் தாண்டினால் அதை நிறுத்த அடிக்கும் மருந்துதான் மிடாசோலம். பாகூரிலிருந்து ஜிப்மருக்கோ, குள்ளஞ்சாவடியிலிருந்து கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ 5 நிமிடத்தில் போய்ச் சேர முடியாது. அதனால் டாக்டர் சீட்டு எழுதித் தந்தால் வாங்கி வையுங்கள்.

கோளாறு வருவது பம்பில்தான். புதுப் பாட்டிலை அழுத்தினால் முதலில் வெறும் காற்று, அடுத்து சொட்டு, அப்புறம்தான் மெல்லிய சாரல். சாரல் வரும்வரை வெளியே அடித்துப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்குப் போவது பாதி மருந்துதான். பாட்டிலைச் சாய்த்தாலும் உள்குழாய் காற்றை இழுக்கும். அதனால் பாட்டில் நிமிர்ந்தே இருக்கும்படி, அடிக்கும்போது மட்டும் குழந்தையின் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். சளியைத் துடைக்காமல் அடித்தால் மருந்து உள்ளே ஏறாமல் வழிந்துவிடும்.

கிலோவுக்கு 0.2 மி.கி. என்பது வழக்கமான அளவு. 10 கிலோ குழந்தைக்கு 2 மி.கி.; ஒரு அழுத்தத்துக்கு 0.5 மி.கி. தரும் பாட்டிலில் 4 அழுத்தம், மூக்குத் துளைக்கு இரண்டாக. ஒரு அழுத்தத்துக்கு 1.25 மி.கி. தரும் பாட்டிலும் விற்கிறது. அதில் அதே 4 அடித்தால் 5 மி.கி. போய் மூச்சே மந்தமாகிவிடலாம். எங்களுக்கு இதுதான் பெரிய கவலை. டாக்டர் சொன்ன எண்ணிக்கையைப் பிளாஸ்திரியில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

கண் செருகி, கூப்பிட்டால் திரும்பாமல், கைகால் வெட்டி வெட்டி இழுத்தால் ஃபிட்ஸ். குளிரில் நடுங்கும் குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கும், அழும். அதற்கு இந்த ஸ்பிரே கூடவே கூடாது. ஃபிட்ஸ் என்றால் உடனே மணி பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி, பல்லிடுக்கில் கரண்டி எதுவும் வேண்டாம். இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். டாக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். தாண்டினால் ஸ்பிரே அடித்து, 108-ஐக் கூப்பிட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஃபிட்ஸ் அடங்கினாலும் காய்ச்சலின் காரணம் அப்படியேதான் இருக்கிறது. கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, தெளியாத மயக்கம் இருந்தாலோ, 6 மாதம் நிரம்பாத குழந்தையாக இருந்தாலோ மூளைக்காய்ச்சல் இல்லையென்று உறுதிசெய்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், 15 நிமிடத்தைத் தாண்டினாலும், 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலும் கூடுதல் பரிசோதனை தேவைப்படலாம். இவை எதுவுமின்றி, 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் உடம்பு முழுக்க வந்து நின்று, குழந்தையும் நன்றாகத் தெளிந்துவிட்டால், இ.இ.ஜி.யோ (மூளையின் மின்அலைப் பதிவு) தலை ஸ்கேனோ வழக்கமாகத் தேவைப்படாது.