பாப்-பாட் கிளைடர் கிட்: மரம் அருமை, கொக்கியை மட்டும் நம்பிவிடாதீர்கள்

ராக்கெட்டாக ஏறி, கிளைடராக மிதந்து இறங்கும் மாடல் இது. பெட்டியைப் பிரித்ததும் இரண்டு இறக்கைப் பலகைகளையும் சமையலறைத் தராசில் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். பால்சா மரத்தின் அடர்த்தி தாளுக்குத் தாள் மாறும். ஒன்று கனமாகவும் மற்றது லேசாகவும் வந்தால் கிளைடர் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும். இந்தக் கிட்டில் அந்தக் கவலை இல்லை. ஒரே தாளிலிருந்து லேசரில் வெட்டிய 2.4 மி.மீ. பலகைகள், இழை நீளவாக்கில் ஓடுகிறது, ஓரம் சுத்தம். வாலுக்கு 1.6 மி.மீ. பலகை, உடலுக்கு ஒரு கெட்டியான குச்சி. மரத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

13 மி.மீ. விட்டமுள்ள சிறு ராக்கெட் மோட்டாரில் ஏறும் இந்த வகைக்குப் பூஸ்ட் கிளைடர் என்று பெயர். இறக்கை விரிவு சுமார் 30 செ.மீ. மோட்டார் இருக்கும் சிறு குழாய், அதாவது பாட், கிளைடரின் மூக்குக்கு மேலே ஒரு கொக்கியில் உட்கார்ந்திருக்கும். உச்சியில் மோட்டாரின் வெளியேற்றும் வெடிமருந்து பாட்டின் மூக்குக் கூம்பை முன்னோக்கி உதைக்கும். அதன் எதிர்விசையில் பாட் பின்னோக்கி நழுவிக் கழன்று, வேகத்தைக் குறைக்கும் நாடாவோடு தனியாக விழும். கிளைடர் தன் வழியே வட்டமடித்து இறங்கும். இந்த ஏற்பாடு 1960களில் அமெரிக்க மாடல் வடிவமைப்பாளர் லாரி ரெங்கரின் கைவண்ணத்தில் பிறந்தது. இன்றும் இதைவிட எளிய வழி இல்லை. மோட்டார் இருக்கும்வரை எடைமையம் முன்னே இருப்பதால் அது ராக்கெட். பாட் போனதும் எடைமையம் பின்னே நகர, அது கிளைடர். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை.

கிட்டின் பலவீனமும் அந்தக் கொக்கியில்தான். பாட்டின் அடிக்கட்டை உடல் குச்சியின் பள்ளத்தில் இறுக்கமாகச் செருகுகிறது. ‘பொருத்திப் பார்க்கவும்’ என்பதோடு வழிகாட்டித் தாள் நிறுத்திக்கொள்கிறது. எவ்வளவு தளர்வு வேண்டும் என்று சொல்லவில்லை. சோதனை இதுதான்: காலி மோட்டார் உறை போட்ட பாட்டைப் பொருத்தி, கிளைடரை மூக்கு மேலே இருக்கும்படி பிடியுங்கள். கையை விட்டால் பாட் தன் எடையிலேயே பின்னோக்கி நழுவ வேண்டும். நழுவாவிட்டால் 400 எண் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஓரிரு முறை இழுத்துவிடுங்கள். தளர்வு அதிகமாகிவிடுமோ என்று பயம் வேண்டாம். ஏறும்போது உந்துவிசை பாட்டை முன்னோக்கித் தள்ளி கொக்கிக்குள் அழுத்தித்தான் வைத்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஆடக் கூடாது. ஆடினால் ஏற்றம் திருகும்.

கொக்கி சிக்கினால் பாட் கழலாது. நாடாவும் கயிறும் கிளைடரைச் சுற்றிக்கொள்ள, எல்லாம் ஒரே மூட்டையாக விழும். அமெரிக்க மாடல்காரர்கள் இதற்கு ‘ரெட் பேரன்’ (Red Baron, முதல் உலகப் போர் ஜெர்மன் விமானி ஒருவரின் பட்டப்பெயர்) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மூக்குக் கூம்பைப் பாட்டோடு கட்ட கிட்டில் வரும் குட்டை எலாஸ்டிக் கயிறும் இதற்குத் துணைபோகும். இழுபட்டுத் திரும்பும்போது மூக்குக் கூம்பு கல் மாதிரி வந்து இறக்கையில் குழி போடும். அதை எடுத்துவிட்டு 30 செ.மீ. கெவ்லார் நூல் கட்டுங்கள். நாடாவை டால்கம் பவுடர் தூவி இறுக்கமாகச் சுருட்டி, அடியில் தீப்பிடிக்காத வாடிங் காகிதம் ஒன்றைக் கசக்கி வையுங்கள்.

கட்டுவதற்கு ஒரு மாலை போதும், பசை காய ஒரு இரவு. இறக்கைக்கு வடிவம் கொடுப்பது வாங்குபவர் வேலை, பலகை தட்டையாகவே வருகிறது. முன்விளிம்பை உருட்டுங்கள், மேற்பரப்பின் உச்சம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும், அங்கிருந்து பின்விளிம்பு தாள் மாதிரி மெலியும்வரை சரித்து வாருங்கள். கீழ்ப்பரப்பைத் தொட வேண்டாம். இந்த ஒரு மணி நேரத் தேய்ப்பைத் தவிர்த்தால் கிளைடர் பறக்கும், ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும்.

இரு இறக்கைகளும் நடுவில் சேரும் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, ஒரு நுனி 5 செ.மீ. உயரும்படி முட்டுக்கொடுத்து மரப்பசையால் ஒட்டுங்கள். பசையை முதலில் பூசி, உறிஞ்சவிட்டு, மறுபடி பூசிச் சேர்த்தால் மூட்டு மரத்தைவிட உறுதி. வாலில் மட்டும் பசையைக் குறைக்க வேண்டும். ஒன்று, காயும்போது அது மெல்லிய பலகையை வளைத்துவிடும். இரண்டு, எடைமையத்திலிருந்து வால் தூரத்தில் இருக்கிறது, மூக்கு பக்கத்தில் இருக்கிறது. பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் முன்னால் அதைவிடக் கூடுதலாகக் களிமண் ஒட்டவேண்டிவரும். பெயின்ட் கூடாது. அடிப்பக்கம் கறுப்பு மார்க்கர் பூசினால் வானத்தில் தெரியும், மேல்பக்கம் ஆரஞ்சு பூசினால் புல்லில் கிடைக்கும். செங்குத்து வால் உடலுக்குக் கீழே தொங்குவதைக் கண்டு தலைகீழாக ஒட்டிவிடாதீர்கள். புகையும் பின்னோக்கிப் போகும் பாட்டும் அதைத் தொடாமலிருக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

கிடைவாலை ஒட்டும்போது பின்னாலிருந்து பார்த்து ஒரு நுனியை இரண்டு மூன்று மி.மீ. உயர்த்தி வையுங்கள். எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கிளைடர் வட்டமடிக்கும். செங்குத்து வாலை வளைத்துத் திருப்பலாம் என்று தோன்றும். ஏற்றத்தின் வேகத்தில் அது பல மடங்கு வேலை செய்து, ராக்கெட்டையே சுருளவைத்துவிடும்.

அடுத்தது சமநிலை. கிட்டில் மிகவும் குறைவாக எழுதப்பட்டிருப்பதும், பறத்தலைத் தீர்மானிப்பதும் இதுதான். பாட் இல்லாமல், காற்றில்லாத மாலையில், புல் தரையில் தோள் உயரத்திலிருந்து மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி விடுங்கள். எறிய வேண்டாம், தள்ளினால் போதும். ஏறி, நின்று, தலைகுப்புறக் குனிந்தால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் அரிசி அளவுதான். நேரே தரைக்குப் பாய்ந்தால் களிமண்ணை எடுங்கள். எடுத்தும் தீராவிட்டால் கிடைவாலின் பின்விளிம்பில் வாயால் ஊதி ஈரமாக்கி, இம்மியளவு மேலே வளையுங்கள். அதிகம் வளைத்தால் கையெறிதலில் அழகாக மிதக்கும், மோட்டாரில் ஏறும்போது பின்குட்டிக்கரணம் போடும். மோட்டாரில் வட்டம் போட்டு விழும் கிளைடர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வளைவுதான் காரணம்.

முதல் ஏவலுக்கு எஸ்டெஸ் நிறுவனத்தின் அரை ஏ3-2டி (½A3-2T) மோட்டார். மொத்த உந்தம் 1.25 நியூட்டன்-விநாடிக்குள், எரிந்து முடிந்து வெளியேற்றும் மருந்து வெடிக்கும்வரை தாமதம் 2 விநாடி. அது நேராகப் போனால் ஏ3-4டி போடலாம். ஏ10-3டி குழாய்க்குள் பொருந்தும், ஆனால் அதன் தொடக்க உதை பெரியது. இறக்கை படபடத்து முறியலாம், போடாதீர்கள். நீண்ட தாமதமும் ஆகாது. உச்சி தாண்டிக் கீழே பாய்ந்துகொண்டிருக்கும்போது பாட் கழன்றால் கிளைடர் மீள உயரம் இருக்காது. மோட்டாரைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, இழுத்தால் வராத அளவு இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் வெடிமருந்து மோட்டாரையே பின்னால் துப்பிவிடும், பாட் கழலாது.

ஏவுமேடையில் ஒரு சங்கடம். மோட்டார் முன்னே இருப்பதால், அதைப் பற்றவைக்கும் இக்னைட்டரில் மாட்டிய மின்வயர் கிளிப்புகள் இறக்கைக்கு நேர் மேலே தொங்கும். பற்றியதும் அவை விழுந்து வாலில் மாட்டிக்கொண்டால் கிளைடர் கம்பியைத் தாண்டுவதற்குள்ளேயே திரும்பிவிடும். பக்கத்தில் தனியாக ஒரு குச்சி நட்டு, கிளிப் வயரை அதில் டேப் போட்டுப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கவையுங்கள். 3.2 மி.மீ. ஏவு கம்பியில் ஒரு துணிக் கிளிப்பைப் பொருத்தி, வால் மேடையைத் தொடாத உயரத்தில் பாட்டை நிறுத்துங்கள். ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பற்றாவிட்டால் இணைப்பைத் துண்டித்து ஒரு நிமிடம் பொறுத்துத்தான் கிட்டே போக வேண்டும்.

இந்தியாவிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு: கிட் வெறும் மரம், தபாலில் வந்துவிடும். மோட்டாருக்குள் இருப்பது கரும்பொடி என்ற வெடிமருந்து. சாதாரண விமானத் தபாலில் வராது. மோட்டார் கிடைக்காதவர்கள் பாட்டை ஒதுக்கிவைத்து, மூக்கின் அடியில் சிறு கொக்கி ஒட்டி ரப்பர் பட்டையால் ஏவலாம். சமநிலைப் பாடம் முழுவதும் அப்படியே பொருந்தும். எதில் ஏவினாலும் இறக்கையில் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். வெயில் நேரத்து வெப்பக்காற்றில் சிக்கினால் இவ்வளவு லேசான கிளைடர் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும்.