'1989': பழைய பதிவா, 'டெய்லர்ஸ் வெர்ஷன்' பதிவா?

2025 மே மாதம் வரைக்கும் இந்தக் கேள்வியை அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ரசிகர்களிடம் கேட்டால் முறைப்பார்கள். '1989' ஆல்பத்துக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று 2014 அக்டோபர் 27 அன்று வந்தது. இன்னொன்று சரியாக ஒன்பது வருடம் கழித்து அதே தேதியில் அவரே மறுபடி பாடி வெளியிட்ட 'டெய்லர்ஸ் வெர்ஷன்'. பழசைக் கேட்டால் பதிவின் சொந்தக்காரர் பங்கு வேறு யாருக்கோ போகும், புதுசைக் கேட்டால் அவருக்கே போகும். ரசிகன் எதைக் கேட்பது என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

மே 30 அன்று தன் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களையும், அதாவது மூல ஒலிப்பதிவுகளையும், விலைக்கு வாங்கிவிட்டதாக அவர் அறிவித்தார். இப்போது இரண்டும் அவருடையவை. ஆகவே இனி காதை மட்டும் நம்பி முடிவெடுக்கலாம். நான் எடுத்துவிட்டேன்: போனில் இருப்பது 2014 பதிவு. புதுசிலிருந்து சில பாட்டுகளை மட்டும் பிடுங்கிக் கூடச் சேர்த்திருக்கிறேன். எவை, ஏன் என்பதுதான் இந்த அலசல்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பழசில் 13 பாட்டு, கூடுதல் பாட்டுகள் சேர்த்த டீலக்ஸ் பதிப்பில் 16, டீலக்ஸ் இல்லாமல் சுமார் 49 நிமிடம். புதுசில் 21 பாட்டு, ஏறக்குறைய 78 நிமிடம். பழைய அட்டையில் கண் தெரியாமல் வெட்டப்பட்ட போலராய்டு படம், சட்டையில் கடற்பறவைகள். புதுசில் முழு முகம், சிரிப்பு, பறவைகள் நிஜ வானத்தில். எனக்குப் பழைய அட்டைதான் பிடிக்கும், ஆனால் அட்டையைக் கேட்க முடியாது. விற்பனையில் புதுசு ஜெயித்தது. அமெரிக்காவில் முதல் வாரம் பழசு 12.87 லட்சம், புதுசு 16.53 லட்சம். விருதில் பழசுதான், 2016-இன் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது.

இந்த இரட்டைப் பதிவு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் முடிவின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒன்று. அதை ஸ்டுடியோவில் பிடித்து வைத்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. இளையராஜாவுக்கும் எக்கோ நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை பழகியதுதான். ஸ்விஃப்ட் தன் பாட்டைத் தானே எழுதுபவர். அதனால் பாடல் உரிமை அவர் கைக்குள் இருந்தது, மாஸ்டர் மட்டும் பிக் மெஷின் என்ற ரெக்கார்டு கம்பெனியிடம். 2019 ஜூனில் இசைத்துறை மேலாளர் ஸ்கூட்டர் பிரானின் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2020-இல் மாஸ்டர்கள் ஷாம்ராக் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறின. மறுபதிவு செய்யக் கூடாது என்ற ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர் ஸ்டுடியோவுக்குள் போனார். 2021-இல் 'ஃபியர்லெஸ்', 'ரெட்', 2023-இல் 'ஸ்பீக் நவ்', '1989' என்று நான்கு ஆல்பங்கள் அப்படி வந்தன.

நோக்கம் கலை மட்டும் இல்லை, வியாபாரமும்தான். படத்துக்கோ விளம்பரத்துக்கோ யாராவது பாட்டைக் கேட்டால், பாடல் உரிமையை வைத்துக்கொண்டு பழைய மாஸ்டருக்கு மறுப்பு சொல்லலாம், புதுசைக் கொடுக்கலாம். அதற்குப் புதுசு பழசைப் போலவே ஒலித்தாக வேண்டும். இந்த 'போலவே'தான் '1989'-ஐ மாட்டிவிடுகிறது.

'ஃபியர்லெஸ்' நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி ஆல்பம். கிடார், பாஞ்சோ, ஃபிடில், டிரம்ஸ், நடுவில் ஒரு பெண்ணின் கதை. அங்கே பாட்டு என்பது சொல்லும் மெட்டும். நல்ல வாத்தியக்காரர்கள் அதே ஸ்வரங்களைத் திரும்ப வாசித்தால் பாட்டு திரும்ப வந்துவிடும், முதிர்ந்த குரல் போனஸ். மறுபதிவை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன். 'ரெட்'டிலும் பெரும்பாலும் அப்படியே.

'1989' அந்த வகை இல்லை. அது முழுக்க சிந்த்-பாப், சிந்தசைசர் ஒலியில் கட்டிய பாப். அதில் 'ஸ்டைல்' தொடங்கி முதல் சில நொடிகளில் வரும் அந்தக் கிடார் வெட்டு, அதன் அடியில் துடிக்கும் பேஸ், இரண்டுக்கும் நடுவில் விடப்பட்ட காற்று, இவைதான் பாட்டு. ஸ்வரத்தாளில் எழுதினால் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. எந்த சிந்தசைசரில் எந்த ஒலியை எவ்வளவு திருகி வைத்தார்கள், குரலை எத்தனை அடுக்காகப் பிடித்தார்கள், டிரம்ஸின் வாலை எங்கே நறுக்கினார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். நம் ஊர் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் சினிமாப் பாட்டின் டோனைத் தேடித் தேடிக் கிட்டே கொண்டுவருவார், கூட்டம் கைதட்டும், ஆனாலும் ரெக்கார்டில் கேட்டவனுக்கு எங்கோ ஒரு நூல் இடிக்கும். அதே இடிதான் இங்கேயும்.

சரி, அந்த டோன்களை முதலில் செய்தவர் யார்? பெரும்பகுதி ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பாளர்களான மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும். 'ஸ்டைல்', 'பிளாங்க் ஸ்பேஸ்', 'ஷேக் இட் ஆஃப்', 'பேட் பிளட்', 'வைல்டஸ்ட் ட்ரீம்ஸ்', 'நியூ ரொமான்டிக்ஸ்' எல்லாம் அவர்கள் பட்டறை. மறுபதிவுக்கு மார்ட்டின் வரவே இல்லை. ஷெல்பேக் 'வைல்டஸ்ட் ட்ரீம்ஸ்' ஒன்றில் மட்டும் இருக்கிறார். மற்றவற்றை ஸ்விஃப்டும் தயாரிப்பாளர் கிறிஸ்டோபர் ரோவும் சேர்ந்து மறுபடி கட்டினார்கள். ரோ திறமைசாலி, மற்ற மறுபதிவுகளிலும் அவர் உழைப்பு உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குத் தரப்பட்ட வேலை நகலெடுப்பது. நகலெடுப்பவர் ஒரு ஒலியைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஏற்கெனவே தேர்ந்தெடுத்ததைத் துரத்துகிறார்.

'ஸ்டைல்' கிடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழசில் அது விளிம்போடு வரும், லேசாகச் சுரண்டும். புதுசில் அந்தக் கிடார் பின்வாங்கி மழுங்கி நிற்கிறது. வெளியானபோதே ரசிகர்கள் பலர் இந்தப் பாட்டைப் பற்றிப் புலம்பினார்கள். 'நியூ ரொமான்டிக்ஸ்' இன்னும் மோசம் என்பேன். பழசில் கோரஸ் வெடிக்கும்போது குரல் கும்பலாக வந்து மேலே ஏறும், புதுசில் அதே சொற்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. 'பிளாங்க் ஸ்பேஸ்' நையாண்டிப் பாட்டு. பத்திரிகைகள் தன்மேல் சுமத்திய ஆண்பித்துக்காரி வேடத்தை 24 வயதில் தானே போட்டுக்கொண்டு கிண்டலடித்தார். அந்த வெடுக்கு அன்றைய குரலில் இருக்கிறது. 33 வயதில் பாடும்போது சுருதியும் மூச்சும் மேல், வெடுக்கு மட்டும் குறைவு. தன் பழைய நையாண்டியைத் தானே மரியாதையாக ஒப்பிப்பது மாதிரி.

இந்த வாதத்துக்கு வலு சேர்க்கும் சாட்சி மறுபதிவுக்குள்ளேயே இருக்கிறது. 'அவுட் ஆஃப் த வுட்ஸ்', 'ஐ விஷ் யு வுட்', 'யு ஆர் இன் லவ்' மூன்றும் ஜாக் ஆன்டனாஃப் செய்தவை. அவர் திரும்ப வந்து தன் பாட்டைத் தானே செய்தார். அந்த மூன்றிலும் எனக்குப் பழசு புதுசு வித்தியாசம் பொருட்டாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால் தடுமாறுவேன். 'கிளீன்' பாட்டை முதலில் தயாரித்த இமோஜென் ஹீப்பும் திரும்ப வந்தார், அங்கே புதுசே மேல். இத்தனைக்கும் இரண்டு ஆல்பத்துக்கும் மிக்ஸிங் செய்தவர் ஒருவரே, செர்பன் கெனியா. பாடகி மாறவில்லை, மிக்ஸிங் செய்தவர் மாறவில்லை, மெட்டு அதே. ஒலியைச் செய்த கை வந்த இடத்தில் பாட்டு தப்பித்தது, வராத இடத்தில் அடி வாங்கியது.

அப்படியானால் மற்ற ஆல்பங்களில் மாஸ்டரை இழந்தது ஒரு இழப்பு என்றால், '1989'-இல் அது வேறு அளவு. இங்கே மாஸ்டரே பாதி இசையமைப்பு. பாடல் உரிமை கையில் இருந்தும் அதை முழுசாக மீட்க முடியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் கேட்பது சாதாரண இயர்போனிலும் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரிலும்தான். நல்ல ஸ்டீரியோவில், அல்லது இசைத்தட்டில் கேட்டவர்கள் புதுசின் அடி ஒலி சுத்தமாகவும் ஆழமாகவும் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். பஸ் இரைச்சலில் கேட்பவனுக்கு விளிம்பு உள்ள ஒலிதான் காதுக்கு எட்டும், என் தீர்ப்பில் அதுவும் கலந்திருக்கிறது. இன்னொன்று, பழசை நான் பல வருடம் முன்பே மனப்பாடம் செய்துவிட்டேன். 2023-க்குப் பிறகு ரசிகரானவர்களுக்கு 'டெய்லர்ஸ் வெர்ஷன்'தான் மூலம், அவர்கள் காதில் பழசு குழந்தைக் குரலாகக் கேட்கும். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

புதுசு எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கிளீன்' பற்றிச் சொன்னேன். ஒரு பிரிவிலிருந்து மெல்லத் தேறி வருவதைப் பற்றிய அந்தப் பாட்டை, தேறி வந்து வருடங்கள் ஆன குரலில் கேட்பது வேறு அனுபவம். 'திஸ் லவ்' இன்னொன்று. அது மற்றவை போல சிந்த் பளபளப்பு இல்லாமல் அலை மாதிரி வரும் மெதுவான பாட்டு, பழசில் தயாரித்தவர் அவருடைய கன்ட்ரி நாட்களின் கூட்டாளி நேதன் சாப்மன். என் கணக்குப்படியே அது பிழைத்தாக வேண்டிய பாட்டு, பிழைத்துவிட்டது. 2022 மே மாதம் தனியாக முன்னால் வந்தபோதே அதைப் புதுசுக்கு மாற்றிக்கொண்டேன், திரும்பவில்லை.

அப்புறம் 'வால்ட்' பாட்டுகள் ஐந்து, அன்று எழுதி ஆல்பத்தில் இடம்பெறாதவை. புதுசை வாங்கச் சொல்பவர்களின் முதல் ஆயுதம் இதுதான், நியாயமான ஆயுதம். 'இஸ் இட் ஓவர் நவ்?' அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது, அதே வாரம் இரண்டும் மூன்றும் இந்த ஐந்திலிருந்தே. 'சே டோன்ட் கோ' பாட்டைப் பாடலாசிரியர் டயான் வாரனோடு சேர்ந்து எழுதியிருக்கிறார், இத்தனை வருடம் அது பெட்டியில் கிடந்தது எப்படி என்று புரியவில்லை. ஆனால் ஐந்தையும் ஆன்டனாஃபோடு சேர்ந்து தயாரித்திருப்பதால் 2022-இல் வந்த 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் மங்கல் ஒளி இவற்றின் மேல் படிந்திருக்கிறது. பாட்டுகள் அருமை, '1989'-க்குள் வைத்தால் வேறு வீட்டுப் பிள்ளைகள். அதனால் நான் அவற்றை ஆல்பத்தின் வாலாக ஓட்டுவதில்லை. 'மிட்நைட்ஸ்' பக்கம் தள்ளிவிட்டேன், அங்கே சொந்தக்காரர்கள் போல உட்கார்ந்துவிட்டன.

பழசின் டீலக்ஸிலும் ஒரு கொசுறு உண்டு, பலர் மறந்தது. 'பிளாங்க் ஸ்பேஸ்', 'ஐ நோ பிளேசஸ்', 'ஐ விஷ் யு வுட்' மூன்றும் உருவாகும்போது போனில் பிடித்த பேச்சும் முணுமுணுப்பும். மறுபதிவில் இவை இல்லை, இருக்கவும் முடியாது. பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு அந்த மூன்று துண்டுகளே பழைய சிடி வாங்கப் போதுமான காரணம். (பகிஷ்கரிப்பு நாட்களில் பழைய சிடியைக் கைமாற்றாக வாங்குவதில் ஒரு சௌகரியமும் இருந்தது. அந்தக் காசில் ஒரு பைசா யாருடைய கம்பெனிக்கும் போகாது.)

ஆக எதை எடுப்பது? ஸ்ட்ரீமிங்கில் கேட்பவருக்குச் செலவே இல்லை, கலந்துகொள்ளலாம். மார்ட்டின் பட்டறைப் பாட்டுகள் 2014-இலிருந்து, 'கிளீன்', 'திஸ் லவ்' 2023-இலிருந்து, ஆன்டனாஃப் மூன்றும் எதிலிருந்தாவது. காசு கொடுத்து ஒரே ஒரு தட்டு வாங்குகிறவர் என்றால், முழு ஆல்பமாக ஒரே மூச்சில் நிற்பது பழசு. பாட்டு எண்ணிக்கை முக்கியம் என்றால் புதுசு, அதில் வாதாட ஒன்றுமில்லை.

ஸ்விஃப்டே இந்த விஷயத்தில் என் பக்கம் இருக்கிறார் என்று நினைக்கிறேன். மாஸ்டர்களை வாங்கிய அன்று எழுதிய கடிதத்தில், 2017-இன் 'ரெப்யூட்டேஷன்' ஆல்பத்தை மறுபதிவு செய்ய முயன்று முயன்று நின்றுபோனதாகவும், நாலில் ஒரு பங்குகூட முடிக்கவில்லை என்றும், முதல் ஆறில் அதை மட்டும் திரும்பச் செய்து மேம்படுத்த முடியாது என்று தோன்றியதாகவும் சொன்னார். அதுவும் மார்ட்டின், ஷெல்பேக், ஆன்டனாஃப் செய்த எந்திர ஒலி ஆல்பம். அதே கடிதத்தில், 2006-இன் முதல் ஆல்பத்தை, அந்தக் கன்ட்ரி ஆல்பத்தை, முழுசாக மறுபதிவு செய்து முடித்துவிட்டதாகவும், அது ஒலிக்கும் விதம் தனக்கு மிகப் பிடித்திருக்கிறது என்றும் இருந்தது. 2025 அக்டோபரில் வந்த 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ல்' ஆல்பத்துக்கு மார்ட்டினையும் ஷெல்பேக்கையும் கூப்பிட்டு உட்கார்ந்தார்.

அந்த முதல் ஆல்பத்தின் மறுபதிவு வெளியே வந்தால் பழசை யோசிக்காமல் அழித்துவிட்டுப் புதுசை ஏற்றிக்கொள்வேன். 16 வயதுக் குரலுக்கும் கிடாருக்கும் எழுதிய பாட்டுகள், அவற்றுக்கு யாருடைய சிந்தசைசரையும் துரத்த வேண்டியதில்லை.