டர்போ சுப்ரா வேறு, டர்போ மாட்டிய சுப்ரா வேறு: வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய டொயோட்டா சுப்ரா வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், குறிப்பாக 1993-இல் வெளிவந்த நான்காம் தலைமுறைக் காரைத் தேடுகிறவர்கள், பணம் கைமாறுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. கம்பெனியிலிருந்தே இரட்டை டர்போவுடன் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வந்து, பின்னர் ஒற்றை டர்போவாக மாற்றப்பட்ட கார் என்று சொல்லி எனக்கு ஒரு வண்டி விற்கப்பட்டது. உண்மையில் அது டர்போ இல்லாத எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வந்த கார். யாரோ ஒருவர் பின்னாளில் அதில் ஒரு டர்போவை மாட்டியிருக்கிறார். வாங்கப்பட்ட விலை மட்டும் அசல் டர்போ காரின் விலை. இந்த இரண்டு ரகங்களுக்கும் சந்தையில் எவ்வளவு விலை வித்தியாசம் என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த மோசடி சுலபமாக நடப்பதற்குக் காரணம் காரின் பிறப்பிலேயே இருக்கிறது. டர்போ இல்லாத ரகத்தின் 2ஜேஇசட்-ஜிஇ எஞ்சினும், இரட்டை டர்போ ரகத்தின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினும் உடன்பிறப்புகள். இரண்டிலும் ஆறு சிலிண்டர்கள் நேர்வரிசையில் நிற்கின்றன. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் 86 மில்லிமீட்டர். கொள்ளளவு 2997 சிசி. ஆகவே பதிவுச் சான்றிலுள்ள சிசி அளவைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஜப்பான் சந்தைக்காகத் தயாரான கார்களில் சேசிஸ் எண்ணும் இரண்டு ரகத்துக்கும் ஜேஇசட்ஏ80 என்றே தொடங்குகிறது. ஆனால் சாலையில் இரண்டும் வேறு வேறு கார்கள். ஜிஇ எஞ்சின் தருவது சுமார் 220 குதிரைத்திறனும் 284 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும். ஜிடிஇ எஞ்சின் அமெரிக்காவில் 320 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. ஜப்பானில் 280 என்று அறிவிக்கப்பட்டது. (அந்த 280 என்பது ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்சவரம்பு என்பதால், அதை அப்படியே நம்பியவர்கள் குறைவு.)

அசல் டர்போ காரில் இரண்டு டர்போக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும். குறைந்த சுற்றில் முதலாவது மட்டும் இயங்க, நிமிடத்துக்கு 4000 சுற்றை நெருங்கும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சிக்கலான குழாய் அமைப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய ஒற்றை டர்போ மாட்டிக்கொள்வது இந்தக் கார்களில் சர்வ சாதாரணம். எனவே பானெட்டைத் திறந்ததும் ஒற்றை டர்போ தெரிவது சந்தேகத்துக்குரிய விஷயமே அல்ல. விற்றவருக்கு இது மிகவும் வசதியாகப் போயிற்று.

கேள்விகளுக்கு அவரிடம் பதில்கள் தயாராக இருந்தன. டர்போ ரகத்தின் கைமுறை கார்களில் ஆறு கியர் கொண்ட கெட்ராக் கியர்பாக்ஸ் வர வேண்டும். இதில் ஐந்து கியர் மட்டும் ஏன் என்று கேட்டதற்கு, கெட்ராக் பழுதாகிவிட்டதாகவும், அதன் உதிரிபாகங்கள் எட்டாத விலையில் இருந்ததால் டொயோட்டாவின் ஐந்து கியர் ஆர்154 கியர்பாக்ஸ் மாற்றப்பட்டதாகவும் சொன்னார். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பதில் பொருந்தியது. பின்னால் தெரிய வந்தபடி, அடியில் இருந்தது டர்போ இல்லாத ரகத்துக்கே உரிய டபிள்யூ58 என்ற ஐந்து கியர் பெட்டி. எஞ்சினின் பெயர் பொறித்த தொழிற்சாலைத் தகடு எங்கே என்றதற்கு, எஞ்சின் அறைக்குப் பெயின்ட் அடித்தபோது கழற்றியது தொலைந்துவிட்டது என்றார். பெயின்ட் உண்மையிலேயே புதிதாகத்தான் இருந்தது.

ஓட்டிப் பார்த்தபோது கார் என்னைக் கவர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பூஸ்ட், அதாவது டர்போவின் காற்றழுத்தம், ஏறுவதற்கு முன்பே, 2000 சுற்றிலேயே, மிதித்தவுடன் இழுத்தது. நல்ல டியூனிங் என்று அவர் பெருமையோடு சொன்னார். இப்போது யோசித்தால், காரின் உண்மையான பிறப்பு வெளிப்பட்ட இடம் அதுதான். ஜிடிஇ எஞ்சினின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் வந்த கலவையைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவு) 8.5-க்கு 1. டர்போ காற்று வந்து சேரும்வரை அப்படிப்பட்ட எஞ்சின் சற்று மந்தமாகவே இருக்கும். பெரிய ஒற்றை டர்போ மாட்டியிருந்தால் அந்த மந்தம் இன்னும் கூடும். ஜிஇ எஞ்சினின் விகிதமோ 10-க்கு 1. டர்போ உதவி இல்லாமலே துடிப்பாக ஓடுவதற்கென்று அமைத்த விகிதம் அது. அந்தத் துடிப்பையே டர்போவின் சிறப்பு என்று எனக்கு விற்றார்கள்.

அதே விகிதம்தான் பிறகு எஞ்சினைக் கொன்றது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று ஏற்கெனவே சூடானது. அதை 10 மடங்கு நெருக்கும்போது, தீப்பொறி மூட்டிய சுடர் பரவி முடிவதற்குள் மீதிக் கலவை தானாகவே வெடித்துவிடும் அபாயம் பல மடங்காகிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். இதை அடக்கவே ஜிடிஇ எஞ்சினில் பிஸ்டனின் தலையைக் குழிவாக்கி விகிதத்தைக் குறைத்திருக்கிறார்கள். பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெயைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் சிறு முனைகளையும் வைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய காரில் இவை எதுவும் கிடையாது. விற்பனைக்கு முன் பூஸ்டை மிகக் குறைத்து வைத்திருந்ததால் சோதனை ஓட்டத்தில் எந்தச் சத்தமும் எழவில்லை. ஆனால் பூஸ்ட் கட்டுப்படுத்தியில் கூடுதல் அழுத்தத்துக்கான இரண்டாவது நிலையும் இருந்தது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லியே சாவியைக் கொடுத்தார்.

ஒரு மேட்டில் முழு மிதியில் ஏறும்போது எஞ்சின் ஒரு சிலிண்டரை இழந்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், மூன்றாம் பிஸ்டனில் இரண்டு வளையங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய விளிம்பு விண்டு போயிருப்பதைக் காட்டினார். பிஸ்டன்கள் ஜிஇ பிஸ்டன்கள். அதைவிட முக்கியமானதாக அவர் காட்டியது, வெப்பத் தடுப்பு உறை சுற்றி மறைத்திருந்த ஒரு பொருளை: அறுத்துக் குட்டையாக்கிய டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதி. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் பாகம் அது. அந்தக் காலத்து ஜிஇ எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் உண்டு. ஜிடிஇ எஞ்சினில் அது கிடையாது; ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனி இக்னிஷன் காயில் உண்டு. என் காரில் ஆறு காயில்களை மேலே வரிசையாகப் பொருத்திவிட்டு, கேம் சென்சாரைத் தாங்குவதற்காக மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியை விட்டுவைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் ஜிடிஇ.

டர்போ இல்லாத எஞ்சினில் டர்போ மாட்டுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பூஸ்டை அடக்கமாக வைத்து, எரிபொருளையும் பற்றவைப்பு நேரத்தையும் ஒழுங்காக அமைத்து, பல்லாண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னது இன்ன கார் என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்பவர்களோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புச்சுவரில் பொறித்த முழு சேசிஸ் எண்ணின் தெளிவான படம். டொயோட்டாவின் உதிரிபாகப் பட்டியலில் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால், அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதில் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் இருந்தன என்பது வந்துவிடும். டர்போ உள்ள ஆர்இசட்டா, டர்போ இல்லாத எஸ்இசட்டா என்ற ரகமும் தெரிந்துவிடும். எஞ்சினை மாற்றலாம், தகட்டைத் தொலைக்கலாம்; அந்தப் பட்டியலை விற்பவரால் தொட முடியாது. ஆறு கியர் இருப்பதைக் கண்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். டர்போ இல்லாத எஸ்இசட்-ஆர் ரகத்திலும் ஆறு கியர் பெட்டி வந்திருக்கிறது. எஞ்சின் பிளாக்கின் மேல் 2ஜேஇசட் என்று வார்த்திருப்பதைக் காட்டினாலும் மயங்க வேண்டாம், அது இரண்டுக்கும் பொது. காரைத் தூக்கிப் பார்க்க முடிந்தால் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பாருங்கள்; கைமுறை கியர் கொண்ட டர்போ காரில் அது பெரியது. உங்கள் மெக்கானிக்கிடம் போர்ஸ்கோப் (மெல்லிய துளைக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா) இருந்தால், ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பிஸ்டனின் தலை ஜிடிஇ-யில் உள்ளதுபோல் குழிவாக இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். இதற்கு அனுமதி மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேரம் பேசுவதில் பொருளில்லை.

விற்றவரைத் தொடர்புகொண்டபோது, “டர்போ இருக்கிறது என்றுதானே சொன்னேன், இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டார். விற்பனைச் சீட்டில் “சுப்ரா 3.0, உள்ளது உள்ளபடி” என்று மட்டும் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். விளம்பரத்தில் இருந்த “கம்பெனி இரட்டை டர்போ” என்ற வாசகம் மறுநாளே காணாமல் போனது. ஆனால் அதன் படமும், ஜிடிஇ எஞ்சின் என்று அவர் எழுத்தில் உறுதியளித்த செய்தியும் என்னிடம் இருக்கின்றன. விஷயத்தை வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்திட்டால் ஒரு சிறு தொகையைத் திருப்பித் தருவதாகப் பிறகு சொல்லி அனுப்பினார். மறுத்துவிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். அது விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவரிடம் இப்போது இன்னொரு ஜேஇசட்ஏ80 விற்பனைக்கு வந்திருக்கிறது. அதிலும் ஒற்றை டர்போ, ஐந்து கியர், எஞ்சின் அறையில் புதுப் பெயின்ட். படங்களில் சேசிஸ் எண் இருக்கும் இடம் மட்டும் மங்கலாக்கப்பட்டிருக்கிறது.