பட்டியலிலிருந்து நீக்குவதா, டிஸ்க்கிலிருந்தே அழிப்பதா?

மெய்நிகர் சர்வர்களை (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் சர்வர்கள்) நிர்வகிக்கும் விஎம்வேரின் விஸ்ஃபியர் (vSphere) மென்பொருளில், பழைய மெய்நிகர் சர்வருக்கு விடை கொடுக்க இரண்டு பட்டன்கள் உண்டு. 'ரிமூவ் ஃப்ரம் இன்வென்டரி' கொடுத்தால் பெயர் மட்டும்தான் போகும்; அதன் டிஸ்க்கான விஎம்டிகே கோப்புகள் டேட்டாஸ்டோர் என்ற சேமிப்பிடத்திலேயே கிடக்கும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து "அந்த சர்வர் எங்கே சார்?" என்று போன் வந்தால், அதன் அமைப்பு விவரங்கள் உள்ள விஎம்எக்ஸ் கோப்பைத் தேடிப் பிடித்து மறுபடி பதிவு செய்து எழுப்பிவிடலாம். ஆனால் ஒரு ஜிபிகூட மிச்சமாகாது. 6 மாதம் போனால் அது யாருடைய கோப்பு என்றே எவருக்கும் தெரியாது.

'டெலீட் ஃப்ரம் டிஸ்க்' இடத்தைத் திருப்பித் தரும். பேக்கப் இல்லையென்றால் கதை முடிந்தது.

என் ஓட்டு டெலீட்டுக்குத்தான், ஆனால் உடனே இல்லை. முதலில் ஆஃப் செய்து, யாராவது தெரியாமல் ஆன் செய்தாலும் ஒட்டாதபடி நெட்வொர்க்கைத் துண்டித்து, பெயரிலேயே அழிக்கும் தேதியைச் சேர்த்து 45 நாள் விட்டுவைப்பேன். இடையில் ஒரு மாதக் கடைசியாவது வர வேண்டும் இல்லையா? அப்புறம் பேக்கப்பை ஒருமுறை மீட்டுப் பார்த்துவிட்டு அழிப்பேன்.